முனைகளை முதலில் எழுதுங்கள்: தமிழில் உயிரியல் கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் தமிழில் உயிரியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும், பாடநூல் எழுதுவோருக்கும், வினாத்தாள் அமைப்போருக்கும்,

ஒரு சொல்லைப் பற்றியும், அந்தச் சொல் மறைத்துவிடுகிற ஒரு செயலைப் பற்றியும் உங்களிடம் முறையிடவே இந்த மடல். ‘தாவும் மரபணு’ என்று நீங்கள் கரும்பலகையில் எழுதும்போது மாணவர் மனத்தில் என்ன படம் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு டிஎன்ஏ துண்டு தானாகக் கிளம்பி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய்கிறது. ஏன் அந்தத் துண்டு மட்டும் பாய்கிறது, அதன் பக்கத்தில் இருப்பது ஏன் அசையாமல் கிடக்கிறது, எங்கே தொடங்கி எங்கே முடிய வெட்டவேண்டும் என்று யாருக்குத் தெரியும் என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. நடப்பது வேறு. டிரான்ஸ்போசேஸ் என்னும் புரதம் அந்தத் துண்டின் இரு முனைகளையும் அடையாளம் கண்டு பற்றுகிறது. இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் பிறகுதான் வெட்டுகிறது, புதிய இடத்தில் கொண்டுபோய் இணைக்கிறது. இந்த வரிசையில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது முதலில் நடக்கும் பற்றுதல். நாமோ கடைசியில் நடப்பதற்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். பற்றுதலில் தொடங்கிக் கற்பியுங்கள் என்று உங்களைக் கேட்கிறேன்.

நீங்கள் ஆண்டுதோறும் சொல்லித்தரும் பார்பரா மெக்லின்டாக்கின் கண்டுபிடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940களின் பிற்பகுதியில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில், மக்காச்சோளத்தின் ஒன்பதாம் குரோமோசோம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் திரும்பத் திரும்ப உடைவதை அவர் கண்டார். அந்த இடத்துக்கு டிசோசியேஷன், சுருக்கமாக டிஎஸ், என்று பெயரிட்டார். டிஎஸ் தனியாக எதுவும் செய்வதில்லை. செடியில் எங்கோ ஓரிடத்தில் ஆக்டிவேட்டர் எனப்படும் ஏசி இருந்தால்தான் அது உடைகிறது, இடம் மாறுகிறது. ஒன்று அசைய இன்னொன்று ஏன் வேண்டும்? ‘தாவும் மரபணு’ என்ற சொல்லுக்குள் இருந்து இதற்கு விடை சொல்லவே முடியாது. தாவுகிறது என்றால் தானே தாவவேண்டியதுதானே என்று கேட்கும் மாணவரே சரியாகச் சிந்திக்கிறார். பின்னாளில் மூலக்கூறு அளவில் கிடைத்த விடை எளிமையானது. ஏசி 4,565 கார இணைகள் நீளமுள்ளது; 807 அமினோ அமிலங்கள் கொண்ட டிரான்ஸ்போசேஸை ஆக்கும் செய்தி அதற்குள் இருக்கிறது. டிஎஸ் வகைகளில் பல, ஏசியின் உட்பகுதி இழந்துபோன வடிவங்கள். புரதத்தை ஆக்கும் செய்தி போய்விட்டது, முனைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. முனைகள் மிஞ்சியதே போதும். ஏசி ஆக்கிய புரதம் வந்து டிஎஸ்ஸின் முனைகளையும் பற்றிக்கொள்கிறது. 1983ஆம் ஆண்டின் நோபல் பரிசு வரை இந்தக் கதையை நாம் சொல்கிறோம். அதன் உயிர்நாடியான இந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டால், மாணவருக்கு மிஞ்சுவது ஒரு பெயரும் ஓர் ஆண்டும்தான்.

முனை என்று எதைச் சொல்கிறேன் என்பதைத் தெளிவாகக் காட்ட டிஎன்5 போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. பாக்டீரியாவில் காணப்படும் இந்த இடமாறி, அதாவது இப்படி இடம் மாறும் டிஎன்ஏ துண்டு, ஏறத்தாழ 5,800 கார இணைகள் நீளமானது. நடுவில் கானமைசின் உள்ளிட்ட எதிர்ப்புயிரிகளைத் தாங்கும் மரபணுக்கள். இருபுறமும் ஐஎஸ்50 என்னும் இரண்டு சிறிய தொடர்கள், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். டிஎன்5இன் இரு வெளி முனைகளிலும் இருப்பது இந்தப் பத்தொன்பது எழுத்துகள்: சி டி ஜி ஏ சி டி சி டி டி ஏ டி ஏ சி ஏ சி ஏ ஏ ஜி டி. ஒரு முனையில் இடமிருந்து வலமாகவும், மறுமுனையில் எதிர் இழையில் வலமிருந்து இடமாகவும் இதே தொடர் அமைந்திருக்கிறது. தலைகீழ் மறுதொடர் என்று நாம் மனப்பாடம் செய்யச் சொல்வது இதைத்தான். மூட்டை தூக்குபவர் சாக்கின் இரு காதுகளையும் பற்றித் தூக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது அரிசியா உப்பா என்பது அவருடைய பிடிக்குப் பொருட்டே இல்லை. டிரான்ஸ்போசேஸும் நடுவில் இருக்கும் மரபணுவை வாசிப்பதில்லை. காதுகளை மட்டுமே தேடுகிறது. ஆகவே இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் எதை வைத்தாலும் அது நகரும். இந்த ஒரு வாக்கியத்திலிருந்து மருத்துவமனைத் தொற்றுகள் வரை, நம் உடலின் எதிர்ப்பொருள்கள் வரை போகமுடியும். அதற்கு முன், பற்றுதல் எப்படி நடக்கிறது என்பதில் சற்று நிற்கவேண்டும், ஏனென்றால் நம் வகுப்புகளில் விடுபட்டுப்போவது அதுவே.

ஏன் பத்தொன்பது எழுத்துகள் என்று மாணவரைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏற்கெனவே கற்பிக்கும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளில் பல ஆறு எழுத்துகளை அடையாளம் காண்பவை. நான்கு எழுத்துகளைக் கொண்டு ஆறெழுத்துத் தொடர்கள் 4,096 அமைக்கலாம், எனவே ஈ. கோலையின் 46 லட்சம் கார இணைகளில் அப்படிப்பட்ட ஒரு தொடர் தற்செயலாகவே ஆயிரம் முறைக்கு மேல் வர வாய்ப்புண்டு. பத்தொன்பது எழுத்துத் தொடர்களோ ஏறத்தாழ 27,000 கோடி. அந்த பாக்டீரியாவின் மரபுத்தொகுதியில் இது தற்செயலாக ஓரிடத்தில்கூட வர வாய்ப்பில்லை என்றே சொல்லலாம். எங்கு வேண்டுமானாலும் வெட்டினால் தங்கியிருக்கும் செல்லையே கொன்றுவிடக்கூடிய ஒரு நொதி, தன் சொந்த முனைகளை மட்டும் வெட்ட இந்த நீளம் ஒரு காவல். பத்தொன்பதும் சம அளவில் முக்கியமானவை அல்ல என்பது உண்மை. சில எழுத்துகளை மாற்றினால் பிடி சற்றே தளரும். சிலவற்றை மாற்றினால் பிடி இருந்தும் வெட்டு நிகழாது. ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றே, ‘அடையாளம் காணுதல்’ என்பது வெறும் அலங்காரச் சொல்லாக இல்லாமல் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று என்று காட்டிவிடும்.

புரதம் எழுத்துகளை எப்படி வாசிக்கிறது என்று கேட்பார்கள், கேட்கவேண்டும். இரட்டைச் சுருளைப் பிரித்துத் திறந்து வாசிப்பதில்லை. சுருளின் வெளிப்புறத்தில் ஓடும் பெரிய பள்ளத்தில் ஒவ்வொரு கார இணையின் ஓரமும் வெளியே தெரிகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு எங்கே தரலாம், எங்கே பெறலாம் என்ற அமைப்பு இணைக்கு இணை மாறுபடுகிறது. புரதத்தின் ஒரு சுருள் அந்தப் பள்ளத்துக்குள் நுழைந்து அந்த ஓரங்களைத் தொட்டு அறிகிறது. பழ ஈயில் கண்டெடுக்கப்பட்ட மாஸ்1 என்னும் இடமாறியின் டிரான்ஸ்போசேஸில் இப்படிப்பட்ட இரண்டு பகுதிகள் அடுத்தடுத்த பெரிய பள்ளங்களில் அமர்கின்றன. இரண்டையும் இணைக்கும் சிறு துண்டு நடுவிலுள்ள சிறிய பள்ளத்தில் படிந்து செல்கிறது. எழுத்தை வாசிப்பது ஒரு வழி. ஏவும் டியும் மிகுந்த இடங்களில் சிறிய பள்ளம் ஒடுங்கிவிடும். அந்த ஒடுக்கத்தையும், பாஸ்பேட் முதுகெலும்பின் வளைவையும் உணர்வது இன்னொரு வழி. விரலால் தடவி எழுத்தையும் தாளின் மடிப்பையும் ஒருசேர அறிவது போல இரண்டும் ஒன்றாக நடக்கின்றன.

இங்கே உங்களில் பலர் சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். நொதிகளுக்குப் பூட்டும் சாவியும் என்ற உவமையை ஏற்கெனவே சொல்லித்தருகிறோமே, டிரான்ஸ்போசேஸுக்கும் அதுவே போதாதா என்பீர்கள். போதாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிஸ், கோரிஷின், ரெஸ்னிகாஃப், ரேமன்ட் ஆகியோர் டிஎன்5 டிரான்ஸ்போசேஸ் தன் முனைகளைப் பற்றியிருக்கும் நிலையை எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் வெளியிட்டார்கள். அதில் இரண்டு புரதங்கள், இரண்டு டிஎன்ஏ முனைகள். ஒரு முனையின் எழுத்துகளைப் பிடித்திருப்பது ஒரு புரதத்தின் தலைப்பகுதி. ஆனால் அதே முனையை வெட்டுவதற்காக அதன் நுனியில் நிற்பது எதிரே உள்ள மற்றப் புரதத்தின் வினைமையம். ஒன்று பிடிக்க, மற்றது வெட்டுகிறது; இரண்டும் ஒன்றுக்கொன்று இதைச் செய்துகொள்கின்றன. இதன் பொருளை மாணவரோடு சேர்ந்து யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு முனை மட்டும் கிடைத்தால் பிடிக்கலாம், வெட்டமுடியாது. இரு முனைகளும் வந்து சேர்ந்தால்தான் வெட்டும் கருவியே முழுமை பெறுகிறது. ஒற்றை முனையில் வெட்டி, குரோமோசோமை அரைகுறையாக உடைத்து விட்டுவிடும் விபத்துக்கு இந்த அமைப்பு இடங்கொடுப்பதில்லை. சாவி வருவதற்கு முன்பே பூட்டு முழுதாக இருக்கிறது என்பது பழைய உவமையின் அடிப்படை. இங்கே டிஎன்ஏ வந்து சேராதவரை பூட்டே உருவாகவில்லை. மூன்று அமில அமினோ அமிலங்கள் பிடித்துவைத்திருக்கும் உலோக அயனிகள், சுருளிலிருந்து வெளியே புரட்டப்பட்ட ஒரு காரத்தைத் தாங்கி நிற்கும் டிரிப்டோபன் என்று அந்தப் படத்தில் வியப்பதற்கு இன்னும் நிறைய உண்டு. இந்தப் படம் வெளியாகிக் கால் நூற்றாண்டு ஆகிறது. அது இன்னும் நம் மாணவர் கண்ணில் படாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னும் ஓர் அடி உள்ளே போனால், எழுத்துகளின் சிறு வேறுபாடு ஒரு செல்லின் நேரத்தையே எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்பது தெரியும். ஐஎஸ்50இன் உள் முனையிலும் பத்தொன்பது எழுத்துகள் உள்ளன: சி டி ஜி டி சி டி சி டி டி ஜி ஏ டி சி ஏ ஜி ஏ டி சி டி. மேலே எழுதிய வெளி முனையோடு இதை ஒப்பிட்டால் ஏழு இடங்களில் மட்டுமே வேறுபடுகிறது. அந்த வேறுபாடுகளால் உள் முனையில் ஜி ஏ டி சி என்ற நான்கெழுத்து இருமுறை வந்துவிடுகிறது. வெளி முனையில் அது ஒருமுறைகூட இல்லை. ஈ. கோலையில் டாம் என்னும் நொதி இந்த நான்கெழுத்தில் உள்ள ஏமீது மெத்தில் தொகுதியைச் சேர்க்கும். மெத்தில் சேர்ந்த உள் முனையை டிரான்ஸ்போசேஸால் நன்றாகப் பற்ற முடியாது. டிஎன்ஏ இரட்டிப்பான உடனே மட்டும், புதிய இழையில் மெத்தில் இன்னும் சேராத சிறு இடைவெளியில், பிடி சாத்தியமாகிறது. அப்போது செல்லில் இன்னொரு பிரதி தயாராக இருக்கிறது. ஒன்று வெட்டுப்பட்டாலும் மற்றதைக் கொண்டு செல் பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டு வரிகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வேறுபாடுகளை மாணவரே கண்டுபிடிக்கட்டும். மெத்திலேற்றம், டிஎன்ஏ இரட்டிப்பு, இயற்கைத் தேர்வு என மூன்று தனித்தனிப் பாடங்களாகக் கிடப்பவை பத்தொன்பது எழுத்துக்குள் ஒன்றுசேர்வதை அவர்கள் கண்முன் பார்ப்பார்கள்.

பற்றுதல் எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது என்று எளிதாக முடிவுகட்டிவிடத் தோன்றும். சான்றுகள் அதற்கு நேர்மாறாக இருக்கின்றன. உங்கள் கவனத்தை நான் மிகவும் வேண்டுவது இந்த இடத்தில்தான். டிஎன்5 டிரான்ஸ்போசேஸின் 54ஆம் இடத்தில் இயற்கையில் இருப்பது குளூட்டாமிக் அமிலம், எதிர்மின்னேற்றம் கொண்டது. டிஎன்ஏவின் முதுகெலும்பும் எதிர்மின்னேற்றம் கொண்டதே. அந்த ஓர் அமினோ அமிலத்தை நேர்மின்னேற்றமுள்ள லைசினாக மாற்றியபோது வெளி முனைமீதான பிடி கூடியது. இயற்கை இந்த எளிய மேம்பாட்டைச் செய்யாமல் விட்டிருக்கிறது. அது மட்டுமா? அதே மரபணுவிலிருந்து முதல் 55 அமினோ அமிலங்கள் இல்லாத இன்னொரு புரதமும் உருவாகிறது. பற்றுவதற்கான தலைப்பகுதியை இழந்துவிட்ட அது, முழுப் புரதத்தோடு இணை சேர்ந்து அதன் வேலையை முடக்குகிறது. சால்மன் வகை மீன்களின் மரபுத்தொகுதியில் செயலிழந்து கிடந்த தொடர்களை ஒப்பிட்டு 1997இல் மீட்டெடுக்கப்பட்ட ஸ்லீப்பிங் பியூட்டி என்னும் இடமாறியிலும் இதே பாடம். அதன் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பற்றுதளங்கள். உள்தளத்தைப் புரதம் இறுகப் பற்றுகிறது, வெளித்தளத்தைத் தளர்வாக. இரண்டு இடத்திலும் இறுகப் பற்றும் தொடரையே வைத்துப் பார்த்தபோது இடமாற்றம் கூடவில்லை, வீழ்ந்துவிட்டது. உறுதியான பிடிக்கும் சரியான பிடிக்கும் உள்ள தொலைவு இது. தங்கியிருக்கும் செல் அழிந்தால் இடமாறியும் அழியும் என்பதால், அளவாகப் பிடிப்பவையே நிலைத்திருக்கின்றன. பரிணாமம் எப்போதும் எல்லாவற்றையும் மேலும் திறமையாக்கிக்கொண்டே போகும் என்று நம்பும் மாணவருக்கு இதைவிடக் கைக்கு எட்டும் மறுப்பு எங்கே கிடைக்கும்?

நேர்மைக்காக இன்னொன்றும் சொல்லிவிடவேண்டும். டிஎன்5இல் புரதம் நுனியிலுள்ள தலைகீழ்த் தொடரையே பற்றுகிறது என்பதால், எல்லா இடமாறிகளும் அப்படித்தான் என்று விதியெழுதிவிடாதீர்கள். மக்காச்சோளத்தின் ஏசியில் நுனித் தொடர் வெறும் பதினோரு எழுத்து. அதன் புரதம் நுனியிலிருந்து சற்று உள்ளே பரவலாக வரும் ஆறெழுத்துத் துணுக்குகளைப் பெரிதும் பற்றுகிறது. பழ ஈயின் பி இடமாறியில் நுனித் தொடர் 31 எழுத்து நீளம் இருந்தும், டிரான்ஸ்போசேஸ் முதன்மையாகப் பற்றும் தளங்கள் அதற்கு உள்ளே இருக்கும் பத்தெழுத்துப் பகுதிகள். அதற்கு ஜிடிபியும் வேண்டும். பிடிக்கும் இடம் ஒன்று, வெட்டும் இடம் ஒன்று என்று வேலை பிரிந்திருப்பதை இவை இன்னும் தெளிவாகவே காட்டுகின்றன.

இதெல்லாம் ஆராய்ச்சியாளருக்குப் போதும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எதிர்ப்புயிரிகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களைப் பற்றிய செய்திகளை அவர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்களே, அதற்காக. 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வெளிவந்த என்டிஎம்-1 ஆய்வில் சென்னையிலிருந்து எடுக்கப்பட்ட 44 பாக்டீரிய மாதிரிகள் இருந்தன. கார்பாபெனெம் என்னும் வலிமையான மருந்துகளைச் சிதைக்கும் நொதிக்கான மரபணுவே என்டிஎம்-1. ஒரு பாக்டீரியாவின் மரபணு வேறு வகை பாக்டீரியாக்களுக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கேள்விக்கு, ‘தாவிவிட்டது’ என்பது விடையாகாது. அசினெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவில் அந்த மரபணுவின் இருபுறமும் ஐஎஸ்ஏபிஏ125 என்னும் ஒரே இடமாறித் தொடர் இரண்டு பிரதிகளாக நிற்கிறது. இரண்டின் வெளி முனைகளையும் டிரான்ஸ்போசேஸ் பற்றினால் நடுவிலிருப்பது முழுவதும் சேர்ந்து நகரும். சாக்கின் காதுகள் நினைவிருக்கிறதல்லவா? நகரும் துண்டு ஒரு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டால் அடுத்த செல்லுக்குப் போவது எளிது. போதாக்குறைக்கு, அந்த மரபணுவை இயக்கும் ஊக்கித் தொடரின் ஒரு பகுதியே அந்த இடமாறியின் முனைக்குள்தான் இருக்கிறது. மருந்து எதிர்ப்பைத் தாங்கும் மரபணுவுக்கு நகரும் விருப்பமோ திறமையோ எதுவும் கிடையாது என்று புரிந்துகொண்ட மாணவர், எந்த மரபணுவும் இப்படி மூட்டை கட்டப்படலாம் என்பதையும் புரிந்துகொள்வார். எதிர்ப்புயிரியைத் தேவையில்லாமல் விழுங்குவது ஏன் ஆபத்து என்பதை அதட்டிச் சொல்லவேண்டிய தேவை அப்போது பாதியாகக் குறையும். ஏற்கெனவே மூட்டை கட்டப்பட்டவற்றைத்தான் அந்த மருந்து பொறுக்கி எடுத்துப் பெருக்குகிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

நோய்க்கு மட்டும் இல்லை, நோயெதிர்ப்புக்கும் இதே பிடிதான் அடிப்படை. எதிர்ப்பொருள் மரபணுக்களின் துண்டுகளை வெட்டி ஒட்டும் ராக்1, ராக்2 என்ற இரண்டு புரதங்கள் நம் லிம்போசைட்டுகளில் வேலை செய்கின்றன. அவை தேடுவது ஏழெழுத்துத் தொடர் ஒன்றும் ஒன்பதெழுத்துத் தொடர் ஒன்றும். இரண்டுக்கும் நடுவே 12 அல்லது 23 கார இணை இடைவெளி. ஒன்பதெழுத்தில் நங்கூரம் பாய்ச்சி, ஏழெழுத்தின் ஓரத்தில் வெட்டுகின்றன. ஒரு பக்கம் 12 இடைவெளியும் மறுபக்கம் 23 இடைவெளியும் இருந்தால்தான் இணை சேரும். அந்த இடைவெளிகள் ஏறத்தாழ இரட்டைச் சுருளின் ஒரு சுற்றும் இரண்டு சுற்றும். இரு முனைகளும் சேர்ந்த பிறகே வெட்டு என்ற டிஎன்5இன் ஒழுங்கு இங்கேயும் இருப்பதைக் கவனியுங்கள். இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. 1998இல் ராக் புரதங்கள் சோதனைக் குழாயில் இடமாறியைப் போலவே டிஎன்ஏ துண்டை வேறோர் இடத்தில் செருகுவது காட்டப்பட்டது. 2016இல் ஆம்பியாக்சஸ் என்னும் கடலுயிரியில், ராக் போன்ற இரு மரபணுக்களைத் தாங்கி, அதே மாதிரியான முனைகளோடு இருக்கும் ஓர் இடமாறியே கண்டறியப்பட்டது. நம் எதிர்ப்பொருள்களின் பன்மை, பழங்காலத்தில் வந்து தங்கிவிட்ட ஓர் இடமாறியின் கைப்பிடியிலிருந்து வந்தது. நோயெதிர்ப்புப் பாடத்தை ஓராண்டிலும் இடமாறிப் பாடத்தை இன்னோராண்டிலும் தனித்தனியே நடத்திவிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் அனுப்புவது மாணவருக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். எச்ஐவியின் இன்டக்ரேஸும் டிரான்ஸ்போசேஸின் உறவுக்காரர்தான். 2007இல் பயன்பாட்டுக்கு வந்த ரால்டெக்ராவிர் போன்ற மருந்துகள் அந்த நொதி வைரஸ் டிஎன்ஏவின் முனையைப் பற்றிய பிறகு உருவாகும் இடுக்கில் போய் அமர்கின்றன. முதலில் பற்று, பிறகு வெட்டு என்ற வரிசை மருந்துக்கடை வரை வந்துவிட்டது.

உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். ‘தாவும் மரபணு’ என்ற சொல்லில் ஒரு கவர்ச்சி இருக்கிறது, மாணவரை இழுக்கிறது என்பது நியாயமான வாதம். அந்தச் சொல்லை ஒழித்துவிடச் சொல்லவில்லை. முதல் நாளிலேயே விடையாகத் தராமல், கேள்வியாகத் தாருங்கள் என்கிறேன். தாவுவது எது, தாவவைப்பது எது என்ற கேள்வியைவிடக் கவர்ச்சியானது வேறு என்ன? பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பதும் உண்மை. நான் கேட்பது புதிய பாடம் இல்லை, இருக்கும் பாடத்தில் ஒரு மறுவரிசை. இடமாறிகளின் வகைப்பெயர்களை அடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குத் தந்தால் போதும். பெயர்கள் தேர்வு முடிந்ததும் போய்விடும். முனை, பிடி, இணை, வெட்டு என்ற வரிசை போகாது. தமிழில் இதற்குச் சொற்கள் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பற்றுதல், பிடி, முனை, பள்ளம், இழை, தொடர், இணை என்று இந்த மடலில் வேண்டிய இடமெல்லாம் வந்தவை நம் வீட்டுச் சொற்கள். டிரான்ஸ்போசேஸ் என்ற ஒரு பெயரை அப்படியே வைத்துக்கொண்டால் மீதியைத் தமிழ் சுமக்கும். ஆய்வகம் இல்லாமல் இதை எப்படிக் காட்டுவது என்ற தயக்கத்துக்கும் வழியிருக்கிறது. டிஎன்5 டிரான்ஸ்போசேஸ் தன் முனைகளைப் பற்றியிருக்கும் அமைப்பு புரோட்டீன் டேட்டா பேங்கில் 1எம்யூஎச் என்ற எண்ணில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு கைப்பேசி போதும். கைப்பேசியும் இல்லாத வகுப்பில் ஒரு நீண்ட காகிதப் பட்டை போதும்.

கடைசியாக வரக்கூடிய மறுப்பு, இது பயனுள்ள அறிவா என்பது. டிஎன்5இன் வெளி முனையிலும் உள் முனையிலும் உள்ள எழுத்துகளைக் கலந்து, இரண்டையும்விட நன்றாக வேலை செய்யும் ஒரு கலப்பு முனையை ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். வெளி முனையிலிருந்து அது மூன்றே இடங்களில் வேறுபடுகிறது. பிடி கூட்டப்பட்ட டிரான்ஸ்போசேஸோடு அந்த முனையைச் சேர்த்து, டிஎன்ஏவை ஒரே படியில் துண்டாக்கவும் அடையாளத் தொடர் ஒட்டவும் இன்று பயன்படுத்துகிறார்கள். 2013இல் வெளிவந்த அட்டாக்-சீக் என்னும் முறை, செல்லின் டிஎன்ஏவில் எந்தப் பகுதிகள் திறந்து கிடக்கின்றன என்பதை இதே புரதத்தை அனுப்பித்தான் கண்டறிகிறது. புற்றுநோய் ஆய்விலும் மூளை ஆய்விலும் அது அன்றாடக் கருவி. அந்த ஆய்வகங்களில் சேரப்போகும் நம் மாணவர்கள், தங்கள் கையிலிருக்கும் குப்பியில் உள்ளது என்ன, அது ஏன் அந்தப் பத்தொன்பது எழுத்துகளைக் கேட்கிறது என்று தெரிந்தவர்களாகப் போகவேண்டும் என்று நீங்களும் விரும்புவீர்கள்தானே?

ஆகவே என் வேண்டுகோள் இது. ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது தலைப்புக்குக் கீழே முதலில் அந்த இரண்டு பத்தொன்பது எழுத்து வரிகளை எழுதுங்கள். ஒரு காகிதப் பட்டையின் இரு நுனியிலும் வெளி முனையை எழுதி, பட்டையை வளைத்து, இரண்டு மாணவர்களை ஆளுக்கொரு நுனியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பிடித்த நுனியை மற்றவர்தான் வெட்டலாம் என்பது விதி. நடுவில் எந்த மரபணுவின் பெயரை வேண்டுமானாலும் வகுப்பு எழுதிக்கொள்ளட்டும். பாடநூல் எழுதுவோரே, அடுத்த பதிப்பில் ஏசியையும் டிஎஸ்ஸையும் முனைகளோடு வரைந்து காட்டுங்கள். எதிர்ப்பொருள் பாடத்தில் இந்தப் பக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி சேருங்கள். வினாத்தாள் அமைப்போரே, இடமாறியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஏசி இல்லாத செடியில் டிஎஸ் ஏன் அசைவதில்லை, காரணம் கூறு என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் வகுப்பறைகளை நம்பியிருக்கும் ஒருவர்